சர்வரில் ஓஎஸ் போடும் முன் ஒரு தாள்

சர்வரில் ஓஎஸ் (இயங்குதளம்) இன்ஸ்டால் ஆக அரை மணி நேரம் போதும். நல்ல எஸ்எஸ்டி இருந்தால் அதற்குள்ளேயே முடிந்துவிடும். ஆனால் அந்த நேரத்துக்குள் இன்ஸ்டாலர் வரிசையாகக் கேள்வி கேட்கும். டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது, மெஷினுக்கு என்ன பெயர், எந்த ஐபி, யார் உள்ளே வரலாம் என்று ஒவ்வொன்றுக்கும் நாம் கொடுக்கிற பதில், அந்த சர்வரைக் கழற்றும் நாள் வரை கூடவே வரும். ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும் சர்வரில் டிஸ்க் பிரிவை மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை.

அதனால் இந்த வேலையை யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: மெஷினைத் தொடாதீர்கள், தாளை எடுங்கள். இன்ஸ்டாலர் கேட்கப்போகும் எல்லாக் கேள்விக்கும் பதிலை முன்கூட்டியே எழுதிவிட்டால், அன்றைக்கு அதைப் பார்த்துத் தட்டுவது மட்டும்தான் வேலை. நீங்கள் ஊரில் இல்லாத ஒரு நாளில், அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருவர் அதே சர்வரை அப்படியே மறுபடி எழுப்ப முடியவேண்டும். தாள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதுவே அளவுகோல்.

நான் சிங்கப்பூரில் உபி வட்டாரத்தில் ஒரு கார் உதிரிபாக நிறுவனத்தில் சர்வர், நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். எங்கள் சர்வர்களில் சில அலுவலகத்திலேயே ஒரு குளிர்சாதன அறையில் இருக்கின்றன. மற்றவை தை செங் வட்டாரத்தில் ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த ரேக்கில் (சர்வர்களை அடுக்கும் சட்டத்தில்) இருக்கின்றன. என்னோடு வேலை செய்யும் தம்பி பாலிடெக்னிக் முடித்து வந்தவர். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுத்தில் தருகிறேன்.

எந்த ஓஎஸ், எத்தனை வருடத்துக்கு

எந்த ஓஎஸ் என்பதை, அதன் மேல் ஓடப்போகும் மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. கணக்கு மென்பொருள் விற்றவர் "விண்டோஸ் சர்வரில் மட்டும்தான் ஆதரவு தருவோம்" என்றால் பேச்சு அதோடு முடிந்தது. எந்தப் பதிப்பு வரை சோதித்திருக்கிறார்கள் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் சர்வருக்கு உரிமக் கணக்கையும் முதலிலேயே போட வேண்டும். ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோருக்கு (சிபியூவின் உள்ளே இருக்கும் செயலிக்கு) வாங்கியாக வேண்டும், உள்ளே 8 கோர்தான் இருந்தாலும். அதற்கு மேல், உள்ளே வருகிற ஆள் அல்லது கருவி கணக்கில் தனி உரிமம். மெஷின் வந்த பிறகு இந்தத் தொகையை முதலாளியிடம் சொல்வது நல்ல முறையல்ல.

லினக்ஸ் என்றால் நான் உபுண்டு எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) அல்லது டெபியனை எடுப்பேன். ரெட் ஹாட் வகை வேண்டுமென்றால் ராக்கி, அல்மா இருக்கின்றன. எதை எடுத்தாலும், பாதுகாப்புத் திருத்தம் எந்த வருடம் வரை வரும் என்பதைத் தாளின் முதல் வரியில் எழுதுங்கள். உபுண்டு 24.04-க்குச் சாதாரண ஆதரவு 2029 வரை. ராக்கி 9, அல்மா 9 இரண்டுக்கும் 2032 வரை. விண்டோஸ் சர்வர் 2016-க்கு 2027 ஜனவரியோடு முடிகிறது, அதனால் அதைப் புதிதாக எங்கும் போடாதீர்கள். ரெட் ஹாட் வகையைச் சேர்ந்த சென்ட்ஓஎஸ் 8-ஐ 2029 வரை ஓட்டலாம் என்று நம்பிப் போட்டவர்களுக்கு 2021 டிசம்பர் 31-லேயே ஆதரவு நின்றது. யார் பின்னால் நிற்கிறார்கள், எத்தனை வருடம் நிற்பார்கள் என்று பார்க்காமல் ஓஎஸ் தேர்வு செய்யக்கூடாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பழைய சர்வரில் புது ஓஎஸ் போடப்போகிறீர்கள் என்றால் சிபியூவையும் பாருங்கள். ரெட் ஹாட் 10-க்கு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள சிபியூ வேண்டும். இன்டெல்லில் 2013-இல் வந்த ஹாஸ்வெல்லுக்கு முந்தைய சிப் என்றால் ஓடாது.

நாள் குறிப்பது

எங்களைப் போலக் காலண்டர் காலாண்டில் பொருள் சேவை வரிக் கணக்குக் காட்டும் நிறுவனம் என்றால் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதக் கடைசியில் சர்வர் பக்கமே போகாதீர்கள். காலாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள் கணக்குத் தாக்கல் ஆகவேண்டும். கணக்குப் பிரிவு அக்காவிடம் கேட்காமல் நான் எந்தத் தேதியையும் எழுதுவதில்லை. சம்பளம் போடும் நாளும் அப்படித்தான்.

சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் விடுமுறை, அலுவலகமே காலியாக இருக்கும், தோதான நேரம் என்று தோன்றும். நான் அந்த நாள்களை எடுப்பதில்லை. ஒரு டிஸ்க் பழுதானால் உதிரி கொண்டுவரும் ஆள், இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் ஆள், மென்பொருள் விற்றவர், எல்லாரும் அன்றைக்கு வீட்டில் ஆரஞ்சுப் பழத்தோடு விருந்தாளியை எதிர்பார்த்து இருப்பார்கள். தீபாவளி வாரத்தையும் நான் விட்டுவிடுவேன், தேக்கா கடைகளுக்குப் போய்வரவே நேரம் போதாது.

எனக்குப் பிடித்தது சனிக்கிழமை காலை. வெள்ளி இரவு ஆரம்பித்து விடிய விடிய உட்காருவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு, எந்த டிஸ்க்கை அழிக்கலாம் என்ற கேள்விக்குக் களைத்த கண்ணோடு பதில் சொல்லக்கூடாது. சனியன்று முடியாவிட்டால் ஞாயிறு கையில் இருக்கிறது.

டேட்டா சென்டர் என்றால் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். வருகிறவர்கள் பெயரைப் பதிய வேண்டும், அடையாள அட்டை அல்லது வேலை அனுமதி அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும், பெட்டி இறக்கும் இடத்தைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலான இடங்களில் அட்டைப்பெட்டியை உள் அறைக்குள் விடமாட்டார்கள், வெளியிலேயே பிரிக்கச் சொல்வார்கள். மேல்சட்டை ஒன்று எடுத்துப் போங்கள். வெப்பமண்டல நாட்டுக்கு ஏற்றபடி டேட்டா சென்டர்களை 26 டிகிரி அல்லது அதற்கும் மேல் நடத்த வழிகாட்டும் தரநிலையை தகவல்தொடர்புத் துறை ஆணையமான ஐஎம்டிஏ 2023-இல் வெளியிட்டது. இருந்தாலும் குளிர்காற்று வரும் பக்கம் நின்று ஒரு மணி நேரம் வேலை செய்தால் விரல் விறைக்கும்.

இன்னொன்று, நம் ஊர் ஈரப்பதம். குளிர்சாதன அறையில் பல நாள் இருந்த சர்வரை வெளியே கொண்டுவந்தால், வெளிக்காற்று பட்ட உடனே உலோகத்தின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். போய்ச் சேர்ந்ததும் மின்சாரம் கொடுக்காமல், பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் அப்படியே வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். மின் கேபிளையும் தாளில் எழுதுங்கள். அலுவலகச் சுவரில் இருப்பது மூன்று முள் 13 ஆம்பியர் பிளக். ரேக்கில் பெரும்பாலும் சி13 துளைகள் இருக்கும், அதற்கு வேறு கேபிள் வேண்டும். இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வருக்கு இரண்டு கேபிள், இரண்டும் வெவ்வேறு மின்பாதைக்குப் போக வேண்டும்.

தாளில் என்னென்ன

முதலில் மெஷினின் வரிசை எண், உத்தரவாதம் முடியும் தேதி, ரேக்கில் எந்த இடம். அப்புறம் பெயர். பெயரில் ஊர், வேலை, எண் மூன்றும் இருந்தால் போதும். பூ பெயர், ஆறு பெயர் வைப்பது அழகுதான், ஆனால் நள்ளிரவில் காவிரி எந்த வேலை செய்கிறது என்று புதிதாக வந்தவருக்குத் தெரியாது.

நெட்வொர்க்குக்கு ஐபி, நெட்மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றும் சேவை), விலேன் (ஒரே கேபிளில் பிரித்த தனி நெட்வொர்க்) எண். இதோடு ஒவ்வொரு நெட்வொர்க் போர்ட்டின் மேக் முகவரியையும் (அந்தப் போர்ட்டுக்கே உரிய எண்) எழுதுங்கள். நான்கு போர்ட் உள்ள சர்வரில், கேபிள் செருகிய போர்ட் எது, இன்ஸ்டாலர் காட்டும் பெயர் எது என்று குழம்புவது இங்கேதான். லினக்ஸ் ஓடத் தொடங்கிய பிறகு ஈதர்டூல் என்ற கருவியால் ஒரு குறிப்பிட்ட போர்ட்டின் விளக்கை மட்டும் மினுக்க வைக்கலாம். அதுவரை மேக் முகவரிதான் துணை.

டெல்லில் ஐடிராக், எச்பிஇயில் ஐஎல்ஓ என்று சொல்கிறார்களே, அந்த நிர்வாகப் போர்ட்டுக்குத் தனி ஐபி, தனி விலேன். அதன் கடவுச்சொல் தெரிந்தால் தூரத்திலிருந்தே சர்வரை அணைக்கலாம், டிஸ்க்கை அழிக்கலாம், வேறு ஓஎஸ்ஸே போடலாம். எந்தக் காரணத்துக்காகவும் அதை நேராக இணையத்தில் திறந்து வைக்கக்கூடாது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதாதீர்கள். கடவுச்சொல் பெட்டகத்தில் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.

இப்போது டிஸ்க். தாளில் பாதி இடம் இதற்குத்தான்.

எங்கள் வழக்கம் இது: ஓஎஸ்ஸுக்கென்று 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு, ஒன்றின் நகல் மற்றொன்றில். தரவுக்கு 1.92 டிபி நான்கு, ரெய்டு 10 (இரண்டிரண்டாக நகல் வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் முறை). ஓஎஸ்ஸையும் தரவையும் வெவ்வேறு டிஸ்க்கில் வைப்பதற்குக் காரணம், நாளைக்கு ஓஎஸ்ஸை அழித்துப் புதிதாகப் போட நேர்ந்தால் தரவு டிஸ்க்குகளைக் கழற்றி வைத்துவிட்டே செய்யலாம். கை தவறினாலும் தரவு போகாது. ரெய்டு என்பது டிஸ்க் பழுதுக்கு மட்டும்தான். யாரோ ஒரு கோப்பை அழித்துவிட்டால் அது எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். காப்புப்பிரதி தனியாக வேண்டும்.

480 ஜிபியை இப்படிப் பிரிக்கிறோம். சர்வர் எழும்போது முதலில் படிக்கும் ஈஎஃப்ஐ பகுதிக்கு 1 ஜிபி, பூட் பகுதிக்கு 2 ஜிபி. மீதி முழுவதும் எல்விஎம் (அளவைப் பிறகு மாற்றக்கூடிய பகுதிகளைத் தரும் லினக்ஸ் ஏற்பாடு). அதற்குள் ஓஎஸ் தங்கும் ரூட்டுக்கு 40, மாறிக்கொண்டிருக்கும் கோப்புகளுக்கான வார் (/var) பகுதிக்கு 60, அதன் கீழ் வரும், மென்பொருள்கள் செய்திகளை எழுதும் லாக் பகுதிக்குத் தனியாக 20, மெமரி போதாதபோது உதவும் ஸ்வாப்புக்கு 8. கூட்டிப் பாருங்கள், முந்நூறு ஜிபிக்கு மேல் யாருக்கும் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். "ஏன் அக்கா, இவ்வளவு இடத்தை வீணாக்குறீங்க?" என்று தம்பி கேட்டார். வீண் இல்லை. எந்தப் பகுதி பெருகப்போகிறது என்று இன்றைக்கு நமக்குத் தெரியாது. எல்விஎம்மில் காலி இடம் இருந்தால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேண்டிய பகுதியைப் பெரிதாக்கலாம். சிறிதாக்குவது அப்படி இல்லை. எக்ஸ்டி4 என்ற கோப்பு முறை என்றால் முதலில் அந்தப் பகுதியைக் கழற்ற வேண்டும், எக்ஸ்எஃப்எஸ் என்றால் நேராகச் சுருக்க வழியே கிடையாது. அரிசிப் பானையில் உலை வைக்கிறவர்கள் தண்ணீரைக் குறைவாக வைத்துவிட்டுப் பிறகு ஊற்றிக்கொள்வார்கள் அல்லவா, அந்தப் பழக்கம் இங்கே நல்லது.

லாக் பகுதியைத் தனியாகப் பிரிப்பதை நான் எப்போதும் விட்டுக்கொடுப்பதில்லை. ஏதாவது ஒரு மென்பொருள் பிழைச் செய்தியை இரவெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தால், தனிப் பகுதியாக இருக்கும்போது அந்த 20 ஜிபி மட்டும் நிரம்பும். ரூட்டோடு சேர்ந்திருந்தால் ரூட் நிரம்பி, தரவுத்தளம் எழுத முடியாமல் நின்று, சில நேரம் உள்ளே நுழைந்து சரிசெய்யவே முடியாமல் போகும்.

உபுண்டு இன்ஸ்டாலரில் முழு டிஸ்க்கையும் தானாகப் பிரித்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுத்தால், 200 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் ரூட்டுக்கு 100 ஜிபி மட்டும் கொடுத்துவிட்டு மீதியை எல்விஎம்மில் காலியாக விட்டுவிடும். பெரிய டிஸ்க் வாங்கினோமே, இடத்தைக் காணோமே என்று பலர் பதறுகிறார்கள். இடம் எங்கும் போகவில்லை, உள்ளே இருக்கிறது.

ரெய்டு கார்டு இல்லாமல் லினக்ஸ் மென்பொருள் ரெய்டு போடுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஈஎஃப்ஐ பகுதி மற்ற பகுதிகளைப் போலத் தானாக நகலாவதில்லை. முதல் டிஸ்க்கில் மட்டும் அது இருந்தால், அந்த டிஸ்க் செத்த அன்று தரவு பத்திரமாக இருக்கும், ஆனால் சர்வர் பூட் ஆகாது. உபுண்டு இன்ஸ்டாலரில் முதல் டிஸ்க்கைப் பூட் டிஸ்க் என்று குறித்த பிறகு, இரண்டாவதையும் கூடுதல் பூட் டிஸ்க் என்று சேர்க்க ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தாளில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

டிஸ்க்கை மறையாக்கம் செய்வதா என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும், அப்புறம் சேர்ப்பது கடினம். வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண் எல்லாம் இருக்கும் சர்வர் என்றால் 2012-ஆம் வருடத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் காக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. பழுதான டிஸ்க்கை உத்தரவாதத்தில் திருப்பி அனுப்பும்போது அதில் இருப்பதை யாரும் படிக்க முடியாதபடி இருக்கவேண்டும். அதனால் எங்கள் தரவு டிஸ்க்குகள் மறையாக்கம் செய்தவை. ஓஎஸ் டிஸ்க்கை அப்படிச் செய்வதில்லை. அதைச் செய்தால் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் யாராவது கன்சோலில் (சர்வரின் நேரடித் திரையில்) கடவுச்சொல் தட்ட வேண்டும், அல்லது சாவியைப் பத்திரப்படுத்தும் டிபிஎம் சிப்பை வைத்து ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த உழைப்புக்கு உங்களிடம் ஆள் இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

நேரம், கீபோர்டு. வன்பொருள் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்), ஓஎஸ் நேர மண்டலம் ஆசியா/சிங்கப்பூர். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிங்கப்பூர் இப்போதைய எட்டு மணி நேர வித்தியாசத்துக்கு வந்தது 1982 ஜனவரி 1-இல்தான். அதற்கு முன் ஏழரை மணி நேரம், ஜப்பானியர் ஆண்ட காலத்தில் ஒன்பது. நேர மண்டலக் கோப்பில் இந்த வரலாறெல்லாம் இருக்கிறது. மனிதவள மென்பொருள் ஊழியரின் பிறந்த தேதியை நள்ளிரவு என்று யுடிசியில் சேமித்து வைத்தால், 1982-க்கு முன் பிறந்தவர்களின் தேதி அரை மணி நேரம் நகர்ந்து ஒரு நாள் முன்னே போய் நிற்க வாய்ப்பு உண்டு. மாற்றப்போகும் பழைய சர்வரில் மண்டலம் என்னவாக இருந்தது என்று பார்த்து எழுதிக்கொண்டு, புதியதில் அதே போல் வையுங்கள்.

நம் ஊரில் சுவர்ப் பிளக் பிரிட்டிஷ் வகை, கீபோர்டு அமெரிக்க வகை. இன்ஸ்டாலரில் பிரிட்டிஷ் கீபோர்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அட் குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறிவிடும். கடவுச்சொல்லில் அட் குறி இருந்தால் கன்சோலில் ஒன்று, தூரத்திலிருந்து நுழையும் எஸ்எஸ்எச்சில் இன்னொன்று என்று ஆகி, சரியான கடவுச்சொல்லை வைத்துக்கொண்டே வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

இன்ஸ்டால் நாளுக்கு முன்தினம்

ஐஎஸ்ஓ கோப்பை (இன்ஸ்டாலர் அடங்கிய கோப்பை) ஓஎஸ் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறக்கியதும் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 மதிப்பைக் கணக்கிட்டு, தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். பாதி இறங்கிய கோப்பு சில நேரம் பாதி இன்ஸ்டால் வரை நன்றாகவே ஓடும், அப்புறம் விளங்காத பிழையோடு நிற்கும். இரண்டு யூஎஸ்பி தயார் செய்யுங்கள். நிர்வாகப் போர்ட் வழியாகவும் ஐஎஸ்ஓவை இணைக்கலாம். ஆனால் உபுண்டு சர்வர் ஐஎஸ்ஓ 3 ஜிபி அளவு. வீட்டிலிருந்து விபிஎன் வழியாக அதை ஓட்டினால் நேரம் இழுக்கும். நேரில் போகிறீர்கள் என்றால் யூஎஸ்பிதான் வேகம். விஜிஏ கேபிள், சிறிய கீபோர்டு இரண்டும் பையில் இருக்கட்டும், டேட்டா சென்டரில் இருக்கும் பொதுத் திரை வேறு யாரிடமாவது இருக்கும்.

மெஷினின் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது, மெமரி சோதனையை இரவு முழுக்க ஓட விடுவது, ஒவ்வொரு டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்ப்பது, இவையெல்லாம் ஓஎஸ் போடுவதற்கு முன். பூட் முறை யூஇஎஃப்ஐ என்றே இருக்கட்டும். பழைய பயாஸ் முறையும் எம்பிஆர் பிரிவும் 2 டிபிக்கு மேல் போகாது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் சர்வர் தானாக எழ வேண்டும் என்ற அமைப்பையும் அங்கேயே வைத்துவிடுங்கள்.

பழைய சர்வரின் காப்புப்பிரதியை எடுத்தால் போதாது. அதிலிருந்து ஒரு தரவுத்தளத்தை வேறு மெஷினில் மீட்டுத் திறந்து, நேற்றைய பில் ஒன்று உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அதைப் பார்க்கும் வரை நான் கிளம்புவதில்லை. பழைய சர்வரின் டிஎன்எஸ் பதிவில் டிடிஎல்லை (மற்ற மெஷின்கள் அந்தப் பதிவை நினைவில் வைக்கும் நேரத்தை) 300 விநாடியாகக் குறைக்கும் வேலையும் இந்த நாளுக்குரியதே.

இன்ஸ்டால்

தாள் இருப்பதால் இந்தப் பகுதி சுருக்கம். யூஎஸ்பியிலிருந்து பூட் செய்து, மொழி ஆங்கிலம், கீபோர்டு அமெரிக்கன், நெட்வொர்க்கில் தானாக ஐபி தரும் டிஎச்சிபியை விட்டு நிலையான ஐபி. டிஸ்க் திரையில் தானியங்கி வழியை விட்டுக் கைமுறைப் பிரிவுக்குப் போங்கள். இங்கே டிஸ்க்கின் அளவை மட்டும் பார்க்காமல் வரிசை எண்ணைத் தாளோடு ஒப்பிடுங்கள். தம்பியும் நானும் போனால் ஒருவர் தாளை உரக்கப் படிப்போம், மற்றவர் திரையைப் படிப்போம். இரண்டும் ஒத்துப்போனால்தான் அழிக்கும் பொத்தான். தனியாகப் போனால் திரையைப் படமெடுத்து அனுப்பி, எதிர்முனையில் ஒருவர் சரிபார்த்துச் சொல்லும் வரை காத்திருங்கள்.

ஓபன்எஸ்எஸ்எச் சர்வரைச் சேர்க்கும் பெட்டியில் குறியிடுங்கள், அது தானாகக் குறியிட்டு வராது. கடைசியில் டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) முதலிய ஸ்னாப் தொகுப்புகளின் பட்டியல் வரும். எதையும் தொடாமல் கீழே போங்கள். அங்கே டாக்கரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு வழக்கமான வழியில் இன்னொரு டாக்கரையும் போட்டால் இரண்டும் மோதும். வேண்டிய மென்பொருளை ஓஎஸ் நிலைபெற்ற பிறகு போடலாம்.

முதல் முறை பூட் ஆன பிறகு

எல்லாத் திருத்தங்களையும் போட்டு ஒருமுறை ரீபூட். அப்புறம் எஸ்எஸ்எச்சைப் பூட்டுவது. உங்கள் மடிக்கணினியில் இடி25519 வகைச் சாவி உருவாக்கி, அதன் பொதுப் பகுதியைச் சர்வரில் வைத்து, சாவியால் உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் கடவுச்சொல் வழியை மூட வேண்டும். உபுண்டுவில் இதற்கு ஒரு கண்ணி இருக்கிறது. முதன்மை அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் வேண்டாம் என்று எழுதினாலும், தொடக்க அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட் உருவாக்கிய இன்னொரு சிறு கோப்பு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். எஸ்எஸ்எச் முதலில் படிப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும், அந்தச் சிறு கோப்பு முதலில் படிக்கப்படும். ஆகவே கோப்பில் எழுதியதை நம்பாமல், எஸ்எஸ்எச்டியைப் பெரிய டி (-T) தேர்வோடு ஓட்டினால் நடைமுறையில் இருக்கும் அமைப்பை அது அப்படியே அச்சிடும். அதைப் பாருங்கள்.

ஃபயர்வாலில் எஸ்எஸ்எச்சை அனுமதித்த பிறகே ஃபயர்வாலை இயக்க வேண்டும். அந்த நேரத்தில் நிர்வாகப் போர்ட்டின் கன்சோலைத் திறந்தே வைத்திருங்கள். டாக்கர் ஓடும் சர்வரில், டாக்கர் வெளியே திறக்கும் போர்ட்டுகள் உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யூஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிப் போய்விடும். ஃபயர்வால் போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்காமல் வெளியிலிருந்து சோதித்துப் பாருங்கள்.

உபுண்டு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகப் போட்டுக்கொள்ளும், ஆனால் தானாக ரீபூட் ஆகாது. புதிய கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) வந்து, ரீபூட் ஆகாமல், மாதக்கணக்கில் பழைய கெர்னலிலேயே ஓடும் சர்வர்கள் எத்தனையோ. மாதத்தில் ஒரு ஞாயிறு காலையை ரீபூட்டுக்கு என்று குறித்து முதலாளியிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது நான் மிகவும் மதிக்கும் வேலை: உடைத்துப் பார்ப்பது. சர்வரில் இன்னும் ஒருவரும் வேலை செய்யவில்லை, இப்போது உடைத்தால் யாருக்கும் நட்டமில்லை. முதல் ஓஎஸ் டிஸ்க்கை உருவி எடுத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். எழுகிறதா? திரும்பச் செருகி, ரெய்டு முழுதாக ஒத்திசைந்த பிறகு, இரண்டாவதை உருவி மறுபடி பாருங்கள். ஒத்திசைவு முடியும் முன் அடுத்ததைத் தொடக்கூடாது. பிறகு மின் கேபிள்களில் ஒன்றைப் பிடுங்குங்கள், சர்வர் அசையாமல் ஓட வேண்டும். கடைசியாக இரண்டையும் பிடுங்கி, மறுபடி செருகி, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். தானாக எழுந்து, எல்லாப் பகுதிகளும் இணைந்து, நேரம் சரியாகி, மென்பொருள் ஓடத் தொடங்கினால் சரி. எழவில்லை என்றால் பெரும்பாலும், எந்தப் பகுதியை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு பிழை இருக்கும். டிஸ்க்குகளை அதில் சாதாரணப் பெயரால் எழுதாமல் மாறாத அடையாள எண்ணான யூயூஐடியால் எழுதியிருக்க வேண்டும், டிஸ்க்கின் பெயர் ரீபூட்டுக்கு ரீபூட் மாறலாம். மறையாக்கம் செய்த தரவு டிஸ்க் என்றால், அதைத் திறக்கும் சாவி எங்கிருந்து வருகிறது என்பதும் இந்தச் சோதனையில்தான் தெரியும்.

இவ்வளவும் தேறிய பிறகுதான் பழைய சர்வரிலிருந்து மாறுவது. மாறும் நேரத்தில் பழையதில் யாரும் எழுத முடியாதபடி நிறுத்தி, கடைசித் தரவை நகர்த்தி, டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். எத்தனை மணிக்குள் சரியாகாவிட்டால் பழையதற்கே திரும்புவோம் என்ற நேரத்தையும் தாளில் முன்பே எழுதியிருக்க வேண்டும். எங்கள் வழக்கம், சனி மாலை நான்கு மணி. நான்கு மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று தோன்றினாலும் திரும்பிவிடுவோம். பழைய சர்வரை உடனே அழிக்காதீர்கள். நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்றி, ஒரு மாதக் கணக்கு முடியும் வரை ரேக்கிலேயே இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் தாளைத் திருத்துங்கள். திட்டமிட்டது ஒன்று, செய்தது ஒன்று என்று எங்கெல்லாம் மாறியதோ அதை அன்றைக்கே எழுத வேண்டும், திங்கட்கிழமை நினைவில் இருக்காது. உபுண்டு உங்களுக்காக ஒரு நகலையும் எழுதி வைத்திருக்கிறது. லாக் பகுதியில் இன்ஸ்டாலர் என்ற அடைவுக்குள், நீங்கள் கொடுத்த பதில்கள் எல்லாம் ஆட்டோஇன்ஸ்டால் கோப்பாக இருக்கும். ரெட் ஹாட் வகையில் ரூட் பயனரின் அடைவில் கிக்ஸ்டார்ட் கோப்பாக இருக்கும். அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். உள்ளே கடவுச்சொல்லின் ஹாஷ் (உருமாற்றிய வடிவம்) இருக்கும், பொதுவில் வைக்காதீர்கள்.

அடுத்த சர்வருக்கு அந்தக் கோப்பிலேயே பெயர், ஐபி, டிஸ்க் வரிசை எண் மூன்றையும் மாற்றினால் இன்ஸ்டாலர் கேள்வி கேட்காமல் தானாக ஓடும். டிஸ்க்கை அழிக்கும் முன் மட்டும் ஒரு முறை உறுதி கேட்கும். கெர்னல் வரியில் ஆட்டோஇன்ஸ்டால் என்ற சொல்லைச் சேர்த்தால் அந்த ஒரு கேள்வியும் வராது. நூறு சர்வர் வைத்திருப்பவர்களுக்கு அது தேவைப்படலாம். எங்களைப் போன்ற சிறிய இடத்தில் அந்தச் சொல்லைச் சேர்க்காதீர்கள், கேள்வி வரட்டும்.